எலி வளையானாலும் தனி வளையா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்) மாணவி

'எலி வளையானாலும் தனி வளை வேண்டும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. மாமியார் வீட்டில் மூச்சு முட்டிய மருமகளோ, ஒண்டுக் குடித்தனத்தில் குட்டுப்பட்ட குடும்பத் தலைவரோ இதை முதன்முதலில் சொல்லியிருக்கக் கூடும். சொந்த வீட்டின் அருமையை உணர்த்த எலியைச் சாட்சிக்கு அழைத்தார்கள் நம் முன்னோர். ஆனால் அந்த எலிக்கு எத்தகைய வளை பிடிக்கும் என்று அதனிடமே கேட்டுப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை. அறிவியல் அதையும் கேட்டுவிட்டது. ஆய்வுக்கூடத்துச் சுண்டெலியிடம், 'உனக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும்?' என்று கேட்டு விடையையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். விடை கிடைத்த பிறகும் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பது முறையா? இதுவே இக்கட்டுரை எழுப்பும் வினா.

நான் எழுதப் போகும் பொருளைச் சொன்னதும் என் வகுப்புத் தோழி ஒருத்தி சிரித்துவிட்டாள். "மனுசருக்கே வீடில்லாத நாட்டில் எலிக்கு வீடு கேட்க வந்துட்டியாக்கும்!" என்றாள். நியாயமான கேள்விதான். இதற்கு விடை சொல்ல வேண்டிய கடமை மற்றவரைவிட எனக்கே அதிகம். எங்கள் வீடு ஒரே அறை. அதில் ஐந்து பேர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அறுவடை முடிந்த வயலின் வரப்பை வெட்டி, எலி சேர்த்து வைத்த நெற்கதிரை எடுத்து வந்து உலை வைத்த பரம்பரை எங்களுடையது. ஆகவே, வயிறு நிறைந்தவர்கள் பொழுது போக்க எலிக்குப் பரிந்து பேசுகிறார்கள் என்னும் குற்றச்சாட்டு என்மீது ஒட்டாது.

நமக்காக உயிர் விட்ட சிற்றுயிர்

முதலில் கடன் கணக்கைப் பார்ப்போம். 1940-ஆம் ஆண்டு மே மாதம் 25-ஆம் நாள், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் பிளோரி என்னும் அறிஞரின் குழுவினர் 8 சுண்டெலிகளுக்குக் கொடிய நோய்க்கிருமிகளைச் செலுத்தினர். அவற்றுள் நான்குக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தனர். மறுநாள் விடிவதற்குள் மருந்து பெறாத நான்கும் மாண்டன. மருந்து பெற்ற நான்கும் உயிரோடிருந்தன. அந்த எட்டு எலிகளின் வழியாகத்தான் பெனிசிலின் மனிதனிடம் வந்து சேர்ந்தது. 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகையான எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உண்டாக்கும் முறையைக் கண்டதும் சுண்டெலியின் உயிரணுக்களைக் கொண்டே. 1984-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் தரப்படும் மருந்துகள் பல அந்த வழியில் வந்தவை.

இந்த எலிகள் வயல் வரப்பில் பிடித்து வந்தவை அல்ல. அமெரிக்காவில் கிரான்பி என்னும் ஊரில் அபி லாத்ராப் என்ற ஆசிரியை, பணியிலிருந்து விலகிய பின், அழகுக்காக வளர்க்கும் சுண்டெலிகளைப் பண்ணை வைத்து விற்று வந்தார். 1900-க்குப் பிந்திய ஆண்டுகளில் ஆராய்ச்சியாளர்கள் அவரிடம் எலி வாங்கினர். அவ்வழி வந்தவற்றைக் கொண்டு கிளாரன்ஸ் லிட்டில் என்பவர் 1921-இல் 'சி57 பிளாக்' என்னும் கருநிறக் குலவழியை உருவாக்கினார். உலக ஆய்வுக்கூடங்களில் இன்றும் மிகுதியாகப் பயன்படுவது அதன் சந்ததியே. நூறாண்டுக்கு மேலாகக் கூண்டிலே பிறந்து, கூண்டிலே இனம் பெருக்கி, கூண்டிலே மடிகிற இனம் இது.

ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரில் 2013-ஆம் ஆண்டு இந்த எலிக்குச் சிலையே எடுத்தார்கள். மூக்குக் கண்ணாடி அணிந்த பாட்டி எலி ஒன்று, பின்னல் ஊசிகளால் மரபணு இழையைப் பின்னிக்கொண்டிருப்பதாக அமைந்த வெண்கலச் சிலை அது. சிலை வைப்பது நல்லதுதான். ஆனால் சிலை வைத்தால் கடன் தீர்ந்துவிடுமா?

அஞ்சலட்டை அளவு உலகம்

ஆய்வுச் சுண்டெலிக்கு எவ்வளவு இடம் தர வேண்டும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழிகாட்டி நூல் உண்டு. பல நாடுகள் அதைப் பின்பற்றுகின்றன. 2011-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, 25 கிராமுக்கு மேற்பட்ட எடையுள்ள எலி ஒன்றுக்குக் குறைந்த அளவுத் தரைப்பரப்பு ஏறத்தாழ 97 சதுர சென்டிமீட்டர். கூண்டின் உயரம் சுமார் 13 சென்டிமீட்டர். நம் அஞ்சலட்டையின் நீளம் 14 சென்டிமீட்டர், அகலம் 9 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 126 வருகிறது. எலியின் பங்கு ஓர் அஞ்சலட்டைகூட இல்லை!

சென்ற ஆண்டு கல்விச் சுற்றுலாவின்போது ஒரு விலங்குக் கூடத்தைப் பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. குறை சொல்ல முடியாத தூய்மை. பிளாஸ்டிக் பெட்டி, மேலே எஃகுக் கம்பி மூடி, அடியில் நெல் உமி, வேளை தவறாத தீனி, குழாய் பொருத்திய தண்ணீர்ப் புட்டி. ஆனால் ஒவ்வொரு பெட்டியிலும் எலிகள் ஒரே மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. ஒன்று மட்டும் கம்பியைக் கவ்வுவதும் விடுவதுமாக, நாங்கள் அங்கே நின்ற நேரம் முழுவதும் ஓயாமல் அதையே செய்துகொண்டிருந்தது. ஏன் இப்படிக் குவிந்து கிடக்கின்றன என்று அங்கிருந்த பணியாளரைக் கேட்டேன். "ஏசி ரூம் இல்லீங்களாம்மா, குளுருது அதுங்களுக்கு" என்றார் அவர். படிப்பறிவு அதிகம் இல்லாத அந்த மனிதர் ஒரே வரியில் சொன்னதை, ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டு அளந்து உறுதிப்படுத்தியிருக்கிறார்கள் என்பதைப் பின்னர்தான் படித்து அறிந்தேன்.

எலியிடம் கேட்பது எப்படி?

வாயில்லாப் பிராணியிடம் விருப்பத்தைக் கேட்பது எங்ஙனம் என்று ஐயுறலாம். இதற்கு வழிகாட்டியது கோழி. 1965-இல் இங்கிலாந்தில் பண்ணை விலங்குகளின் நலம் குறித்து ஆராய்ந்த பிராம்பெல் குழு, கோழிக் கூண்டுக்கு மெல்லிய அறுகோணக் கம்பி வலையைத் தரையாக இடக் கூடாது, அது காலுக்கு வேதனை தரும் என்று பரிந்துரைத்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் 1973-இல் ஹியூஸ், பிளாக் என்னும் இருவர் கோழிகளையே தேர்ந்தெடுக்க விட்டபோது, அவை அந்த மெல்லிய வலையையே விரும்பி நின்றன! கோழியின் நலத்தைக் கோழியைக் கேளாமல் முடிவு செய்யலாகாது என்னும் பாடம் அன்று கிடைத்தது.

எலிக்கும் அதே முறைதான். இரண்டு அல்லது மூன்று கூண்டுகளைக் குழாயால் இணைத்துவிட வேண்டும். ஒன்றில் வெறும் தரை. மற்றொன்றில் காகிதத் துண்டுகள். இன்னொன்றில் ஒரு சிறு பெட்டி. எலி எங்கே எவ்வளவு நேரம் தங்குகிறது என்று இரவும் பகலும் கணக்கெடுத்தால் அதன் விருப்பம் தெரிந்துவிடும்.

'குழந்தைகூட மிட்டாயைத்தான் விரும்புகிறது, விரும்புவதெல்லாம் நன்மையா?' என்று ஒருவர் கேட்கலாம். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு படி மேலே சென்றார்கள். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஷெர்வின் என்பவர், அடுத்த கூண்டுக்குப் போக வேண்டுமானால் எலி நெம்புகோல் ஒன்றைப் பலமுறை அழுத்த வேண்டும் என்று வைத்தார். உழைப்பைக் கூட்டிக்கொண்டே போனாலும் எந்தப் பொருளுக்காக எலி சலிக்காமல் உழைக்கிறதோ, அது அதற்கு வெறும் ஆசையன்று, தேவை என்று கொள்ளலாம் அல்லவா? பசித்தவன் சோற்றுக்கு எத்தனை மைல் நடப்பான் என்று அளப்பது போன்றதுதான் இது.

எலி சொன்ன விடைகள்

எலி சொன்ன முதல் விடை, 'கூடு கட்டப் பொருள் கொடு' என்பது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 1990-களில் நடந்த சோதனைகளில், நாம் செய்து கொடுத்த பெட்டியைவிடத் தானே கடித்துக் குதறிக் கூடு கட்டிக்கொள்ள உதவும் மெல்லிய காகிதத்தையே எலிகள் பெரிதும் விரும்பின. கட்டிக் கொடுத்த வீட்டைவிடத் தான் கட்டிய வீடே அதற்குப் பிடிக்கிறது! வயல் எலியின் வளையில் நெல் சேர்க்கும் அறை வேறு, குட்டி ஈனும் அறை வேறு என்பதும், குட்டி அறையில் மெல்லிய வைக்கோல் மெத்தை போலக் கிடக்கும் என்பதும் என் தந்தை மண்வெட்டி முனையில் கற்ற பாடம். வயல் எலி வேறு இனம், ஆய்வுச் சுண்டெலி வேறு இனம். எனினும் நூறாண்டுக் கூண்டு வாழ்வுக்குப் பின்னும் இச்சுண்டெலி கூடு கட்டும் கலையை மறக்கவில்லை. பிடி காகிதம் கிடைத்தால் உடனே கட்டத் தொடங்கிவிடுகிறது.

அடுத்த விடை, 'எனக்குக் குளிர்கிறது' என்பது. ஆய்வுக்கூடங்களில் வெப்பநிலை பெரும்பாலும் 20 முதல் 24 டிகிரி வரை வைக்கப்படுகிறது. அது மேலங்கி அணிந்து வேலை செய்யும் மனிதனுக்கு இதமான அளவு. உடல் சிறுத்த சுண்டெலிக்கோ ஏறத்தாழ 30 டிகிரிதான் இதம். நமக்கு இதமான அறை அதற்கு மார்கழி விடியல்! கேஸ்கில், கார்னர் முதலியோர் 2009-லும் 2012-லும் வெளியிட்ட ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. 6 முதல் 10 கிராம் வரை கூடமைக்கும் பொருள் கொடுத்தால் எலி தன் குளிரைத் தானே பெருமளவு சமாளித்துக்கொள்ளும் என்பது அவர்கள் கண்ட முடிவு. 30 டிகிரி இதம் என்றால் சித்திரை வெயிலும் இதம் என்று பொருளன்று. மிகு வெப்பமும் அதைக் கொல்லும். வேண்டும்போது கூட்டுக்குள் புகவும் வேண்டாதபோது வெளியே வரவும் அதற்கு வசதி வேண்டும் என்பதே கருத்து.

மற்றொரு விடை நம் பழமொழியையே திருத்துகிறது. பெண் சுண்டெலிகள் கூடி வாழ்பவை. சண்டைக்காரன் என்று பெயரெடுத்த ஆண் சுண்டெலியும், தனித்து உறங்குவதைவிட மற்றோர் ஆணின் அருகே உறங்குவதையே விரும்புகிறது என்று 2004-இல் வெளியான டச்சு ஆய்வு காட்டியது. எலிக்கு வேண்டியது தனி வளையன்று, துணையுள்ள வளை! முன்பின் அறியாத ஆண்களை ஒரே கூண்டில் அடைத்தால் சண்டை மூளும் என்பது உண்மை. ஆனால் கூண்டைச் சுத்தம் செய்யும்போது பழைய கூட்டுப் பொருளையும் புதுக் கூண்டுக்கு மாற்றி வைத்தால் அச்சண்டை குறையும் என்பதும் கண்டறியப்பட்டிருக்கிறது. தன் வீட்டு வாசனை இருந்தால் எலிக்கும் மனம் அமைதியாகிறது போலும்.

இன்னொரு விடையை எலி தன் உடம்பாலேயே சொன்னது. எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதே நெடுங்கால வழக்கம். 2010-இல் லிவர்பூலைச் சேர்ந்த ஹர்ஸ்ட், வெஸ்ட் இருவரும், உள்ளங்கைகளைக் குவித்தோ சிறு குழாயில் புகவிட்டோ எடுத்தால் எலியின் அச்சம் வெகுவாகக் குறைகிறது என்று காட்டினர். இதற்கு ஒரு காசு செலவில்லை. கை மட்டும் மாற வேண்டும்.

மருந்து தேடுவோரின் நலனும் இதுவே

'இரக்கம் இருக்கட்டும், ஆராய்ச்சி கெட்டுவிடாதா?' என்பார் உளர். எல்லாக் கூண்டும் ஒரே மாதிரி வெறுமையாக இருந்தால்தான் முடிவுகள் ஒத்துவரும் என்பது அவர்கள் கட்சி. ஆனால் 1999-இல் ஒரே குலவழி எலிகளை மூன்று ஆய்வுக்கூடங்களில், இயன்றவரை ஒரே மாதிரியாக வைத்துச் சோதித்தபோதுகூட, சில சோதனைகளில் முடிவுகள் இடத்துக்கு இடம் மாறின. 2004-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஆய்வோ, கூண்டில் வசதிகளைக் கூட்டியதால் முடிவுகளின் வேறுபாடு கூடவில்லை என்று காட்டியது. ஆக, வெறுமை ஒழுங்கைத் தரவில்லை. வசதி ஒழுங்கைக் கெடுக்கவுமில்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. 2013-இல் அமெரிக்காவின் ராஸ்வெல் பார்க் புற்றுநோய் நிலையத்தார், வழக்கமான 22 டிகிரிக் குளிரில் வைத்த எலிகளைவிட 30 டிகிரி வெப்பத்தில் வைத்த எலிகளில் புற்றுக் கட்டிகள் மெதுவாக வளர்ந்தன என்று வெளியிட்டனர். எண்ணிப் பாருங்கள். குளிரோடு போராடியே சக்தியை இழக்கும் எலியின் உடம்பில் சோதித்துப் பெற்ற விடையை, நாளை மருத்துவமனை வரிசையில் நிற்கப்போகும் நோயாளிக்குப் பொருத்திப் பார்க்கிறோம். அந்த வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் யார்? என்னைப் போன்றோரின் தாய் தந்தையரே. எலியின் கூண்டில் செய்யும் தவறு ஏழையின் மருந்துச் சீட்டு வரை வந்து சேரக்கூடும்.

கேட்காமல் கட்டிய வீடு

இனி என் தோழியின் கேள்விக்கு வருகிறேன். மனிதருக்கே வீடில்லை, உண்மை. ஆனால் எலிக்குக் கொடுக்கும் பிடி காகிதத்தால் எந்த மனிதனின் கூரையும் பறிபோவதில்லை. ஒருவருக்கு இரங்கினால் மற்றவருக்கு இரங்க மனம் மிஞ்சாது என்பதற்கு, இரக்கம் என்ன ரேஷன் அரிசியா?

எங்கள் தெருவுக்குத் தொகுப்பு வீடுகள் கட்டித் தந்தபோது, அடுப்பை எங்கே வைக்கலாம் என்று என் அம்மாவை யாரும் கேட்கவில்லை. புகை போக வழியில்லாத மூலையில் அடுப்படி அமைந்தது. முதல் மாதமே அம்மா அடுப்பை வெளியே எடுத்து, கீற்றுச் சார்ப்பு இறக்கி, அதற்கடியில் வைத்துக்கொண்டார். கட்டியவர்கள் கெட்டவர்கள் அல்லர், கேட்காதவர்கள், அவ்வளவுதான். எலியையும் எளியோரையும் ஒரு தட்டில் வைத்து நான் பேசவில்லை. என் அம்மா அடுப்பை மாற்றிக்கொள்ள முடிந்தது; கூண்டிலுள்ள எலியால் அதுகூட முடியாது என்பதையே சொல்கிறேன். கேட்கப்படாமல் வாழ்ந்தவர்களுக்குத்தான் கேட்கப்படுவதன் அருமை தெரியும். ஆகவே இந்த வழக்கைப் பேச என்னைவிடத் தகுதி உடையவர் குறைவு என்றே கருதுகிறேன்.

நாம் செய்யத்தக்கன

1959-ஆம் ஆண்டிலேயே ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கில அறிஞர்கள் மூன்று நெறிகளை வகுத்தனர். விலங்கில்லாத மாற்று வழி இருந்தால் அதைக் கொள்க. இல்லையேல் எண்ணிக்கையைக் குறைக்க. பயன்படுத்தும் விலங்கின் துன்பத்தை இயன்றவரை தணிக்க. நம் நாட்டிலும் இந்த அக்கறை புதிதன்று. மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியே 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது. அச்சட்டத்தின்கீழ் விலங்குச் சோதனைகளை மேற்பார்வையிடத் தனிக் குழு உண்டு. அதற்கான விதிகள் 1998-இல் வந்தன. விலங்குச் சோதனை செய்யும் நிறுவனங்களில் நெறிமுறைக் குழுவும் இருந்தாக வேண்டும். கல்லூரி விலங்கியல் வகுப்புகளில் உயிர்களை அறுத்துப் பார்ப்பதைப் படிப்படியாகக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் வழிகாட்டியது. சட்டம் தன் வேலையைச் செய்கிறது. ஆனால் கூண்டுக்குள் கை விடப்போவது சட்டமன்று, நாம்.

விலங்குச் சோதனையே கூடாது என்று நான் வாதாடவில்லை. மாற்று வழிகள் முழுமை பெறும் வரை அது நடக்கத்தான் செய்யும். அதுவரை நாம் செய்யத்தக்கவை சில உள. கூண்டுதோறும் கிழித்த மென்காகிதமும் ஒளிந்துகொள்ள ஓர் அட்டைக் குழாயும் இடுதல். கூண்டு மாற்றும்போது பழைய கூட்டையும் உடன் மாற்றுதல். காரணமின்றி எலியைத் தனியே அடையாதிருத்தல். வாலை விட்டு உள்ளங்கையில் ஏந்துதல். இவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு துறையின் மாதத் தேநீர்ச் செலவுக்குக்கூட ஈடாகாது. நம் பாடத்திட்டத்தில் சுண்டெலியின் பற்சூத்திரம் இருக்கிறது; இரத்த ஓட்டம் இருக்கிறது. அதன் விருப்பம் பற்றி ஒரு வகுப்பு, ஒரே ஒரு மணி நேரம், ஒதுக்கலாகாதா? பேராசிரியப் பெருமக்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

நண்பர்களே! நம்மில் சிலர் முதுகலை பயின்று ஆய்வாளராகலாம். சிலர் மருந்து நிறுவனங்களில் விலங்குக் கூடப் பணியில் சேரலாம். அன்று ஒரு கூண்டின் மூடியைத் திறக்கும்போது, உள்ளே இருப்பது வெறும் கருவியன்று, தன் வீட்டைப் பற்றி ஒரு கருத்து உடைய உயிர் என்பது நினைவில் இருக்கட்டும். முல்லைக்குத் தேர் ஈந்தவனையும் மயிலுக்குப் போர்வை அளித்தவனையும் மேடைதோறும் புகழ்கிறோம். நம்மிடம் தேருமில்லை, போர்வையுமில்லை. பிடி காகிதம் இருக்கிறது. அதைக் கொடுப்போம்!